ஆமைப் பாடமும் ஆளுக்கொரு நிரையும்

ஜீவராணியின் பாடசாலை விடுகைப் பத்திரத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "ஆங்கில மன்றத்தின் செயலாளராகச் சிறப்புறக் கடமையாற்றியவர். தகைமை வாய்ந்த ஆங்கில ஆசிரியையின் நேரடி வழிகாட்டலில் வாசிப்பு, சொல்வளம், எழுத்து ஆகிய திறன்களில் உயர் தேர்ச்சி அடைந்தவர். ஆங்கிலத்தில் தன்னம்பிக்கையுடன் உரையாடக்கூடியவர்." கீழே அதிபரின் கையொப்பம். அதன் மேல் பாதி மட்டும் மை பிடித்த வட்ட முத்திரை.

இதில் இன்னதுதான் பொய் என்று ஒன்றைத் தனியாகப் பிடுங்கிக் காட்டுவது சிரமம். ஆங்கில மன்றம் இருந்தது. அதற்கு ஒரு செயலாளரும் இருந்தார். ஆங்கில ஆசிரியையும் இருந்தார், சம்பளப் பட்டியலில். மன்றம் ஒருநாளாவது கூடியதா, ஆசிரியை எந்த ஊரில் இருந்தார் என்பதெல்லாம் பத்திரம் கேட்காத கேள்விகள். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

ராகலையில் பஸ் ஏறி, மரக்கறித் தோட்டங்கள் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் இறங்கினால், கோயிலுக்கும் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் நடுவே அந்தப் பள்ளிக்கூடம். பெயர்ப்பலகையின் பாதியை மழை தின்றுவிட்டது. அங்கே ஆங்கிலம் படிப்பிக்க நியமனம் பெற்று வந்தவர் தனுஷிகா மிஸ். நல்லவர். நுவரெலியாவுக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மூச்சு வாங்க மேட்டில் ஏறி, கரை நனைந்த சேலையோடு வகுப்புக்குள் நுழைவார். ஜீவராணி ஒன்பதாம் ஆண்டு முடிக்கும் நேரத்தில் மிஸ்ஸுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவ விடுமுறை முடிந்த பிறகு அவர் அந்த மேட்டில் ஏறவில்லை. வலயக் கல்விப் பணிமனையில் அவருக்கு 'இணைப்பு' கிடைத்துவிட்டது.

இணைப்பு என்பது கல்வி நிர்வாகம் கண்டுபிடித்த அற்புதங்களில் ஒன்று. ஆள் அங்கே வேலை செய்வார். பதவி இங்கேயே இருக்கும். ஆள் இல்லாததால் பாடம் நடக்காது. பதவி நிரம்பியிருப்பதால் இன்னொருவரைக் கேட்கவும் முடியாது. அதிபர் செல்லசாமி இரண்டு தடவை பணிமனைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். "உங்களுக்குத்தான் இங்கிலீஷ் டீச்சர் இருக்காங்களே" என்றார்கள். சொன்ன மேசைக்கு அடுத்த மேசையில்தான் தனுஷிகா மிஸ் உட்கார்ந்து கோப்பு தைத்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து அதிபருக்கு வணக்கம் சொன்னார், அதிபரும் சொன்னார். வேறென்ன செய்வது.

பத்தாம் ஆண்டின் ஆங்கிலப் பாடவேளை இப்படித்தான் வெறும் வேளையானது. ஒருநாள் கூச்சல் தாங்காமல் அதிபர் வகுப்புக்குள் வந்தார்.

"இங்கிலீசு மன்றத்துச் செயலாளர் யாரு?"

யாரும் எழவில்லை. சுலக்ஷனாதான் பக்கத்தில் இருந்தவளின் விலாவில் இடித்தாள். "ஏய், நீதான்டி. எந்திரி."

ஜீவராணிக்கே அது மறந்துபோயிருந்தது. வருடத் தொடக்கத்தில் மன்றங்களுக்குப் பெயர் எழுதியபோது, கரும்பலகையில் அவள் எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக அவள் பெயரைப் போட்டிருந்தார்கள்.

"இந்தப் பாடத்துக்கு இனிமே நீ பொறுப்பு. புஸ்தகத்த எடுத்து வாசிக்க வைம்மா. சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு அதிபர் போனார். அன்றைக்கு நடந்த நியமனத்துக்கு வர்த்தமானி அறிவித்தல் எதுவும் வரவில்லை. ஆனால் ஆள், பதவி இரண்டும் ஒரே அறையில் இருந்த நியமனம் அந்தப் பள்ளிக்கூடத்தில் அது ஒன்றுதான்.

ஜீவராணிக்கும் ஆங்கிலம் தெரியாது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியாது என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் மற்றவர்கள் அதைப் பற்றி நினைக்கவில்லை, அவள் நினைத்தாள். காரணம் இருந்தது. ஒருமுறை அம்மா ராசம்மாவோடு நுவரெலியாவுக்குக் கண் கிளினிக் போனபோது, மழைக்கு ஒதுங்கி ஒரு ஹோட்டல் வாசலில் நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, நீளமான மேசைக்குப் பின்னால், ஒரு பெண் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரிடம் சிரித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மேசையைச் சுற்றி வந்து அவருக்கு வழி காட்டினாள். அந்தப் பெண்ணின் கால்கள் காய்ந்திருந்தன. ஜீவராணி பார்த்தது அதைத்தான். அவள் அறிந்த பெண்கள் எல்லோரும் விடிந்ததிலிருந்து நனைந்த புல்லிலும் நனைந்த தேயிலையிலும் நிற்பவர்கள்; விரலிடுக்கு வெளுத்து, அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வருபவர்கள். வேலை நேரத்தில் ஒரு பெண்ணின் கால் காய்ந்திருக்கலாம் என்பது அவளுக்குச் செய்தி.

வாசலில் நின்ற காவல்காரர் தமிழர். "என்னா பாப்பா பாக்குற? ஓ.எல்.ல இங்கிலீசு பாஸ் பண்ணினா முன்னுக்கு வேல. இல்லாட்டி பின்னுக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது, பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சையில் அந்த ஒரு பாஸ். அதற்கு வேண்டியது ஒரு டீச்சர்.

பொறுப்பேற்ற முதல் நாள் அவள் திறந்த பக்கத்தில் கடலாமையைப் பற்றி ஒரு வாசிப்புப் பகுதி இருந்தது. கடலையே பார்க்காத வகுப்பு அது. நடு வாங்கில் உட்கார்ந்திருந்த அழகன் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தான்.

"என்னா ஜீவா இது, ஒரு மலையே இருக்கு. யாரு இத எடுத்து முடிக்கிறது?"

தோட்டத்தில் மலை என்றால் தேயிலை பயிரிட்ட பகுதி. கொழுந்து எடுக்கப் போவதை மலைக்குப் போவது என்பார்கள். அழகன் விளையாட்டாகச் சொன்னதற்கு ஜீவராணி வினையாகப் பதில் சொன்னாள்.

"மலைய யாராவது ஒத்த ஆளா எடுப்பாங்களா? எங்கம்மா மலைக்குப் போனா மலையவா பாக்குறாங்க? அவங்க நெரையத்தான் பாக்குறாங்க. இதையும் நெர பிரிச்சிடலாம். ஆளுக்கு ஒரு வரி. ஒன் நெரைய நீ எடு. அடுத்தவன் நெரையில கை வைக்காத."

நிரை என்பது தேயிலைச் செடிகளுக்கிடையே ஓடும் வரிசை. காலையில் கங்காணி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரையைப் பிரித்துக் கொடுப்பார். அந்த நிரையில் உள்ள கொழுந்து அவளுக்கு. பக்கத்து நிரையில் எட்டிக் கிள்ளினால் சண்டை. பரம்பரை பரம்பரையாக மலைகள் இப்படித்தான் எடுத்து முடிக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலமும் ஒரு மலைதானே என்று அந்த வகுப்புக்குத் தோன்றியதில் குற்றம் சொல்ல முடியாது.

முதல் வரி சுலக்ஷனாவுக்கு. ஆமை மிகப் பழைய உயிர் என்பது அவள் பங்கு. அழகனுக்குக் கிடைத்தது நீளமான வரி: ஆமை துடுப்புக் கால்களால் மணலில் குழி தோண்டி முட்டையிடும். அவனுக்கு அடுத்து உட்கார்ந்த திலக்ஷனுக்குச் சின்ன வரி: இட்ட முட்டைகளைப் பார்க்க அது திரும்பி வருவதில்லை. திலக்ஷனுக்குச் சின்ன வரி போனதில் அழகனுக்கு மனக்குறை.

"ஒனக்கு மட்டக் கொழுந்தா பாத்துக் குடுத்துட்டா. எனக்குப் பாரு, கவாத்து வெட்டாத செடி."

"பேசாம எடுடா முட்டை" என்றான் திலக்ஷன். அன்றிலிருந்து அழகனுக்கு முட்டை என்றே பெயர்.

உச்சரிப்புக்கு, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், பக்கத்து லயத்து அக்காவின் ஃபோன் இருந்தது. வரியைப் போட்டால் ஃபோன் ஒரு பெண் குரலில் வாசிக்கும். ஜீவராணி மாலையில் கேட்டு, மறுநாள் ஒவ்வொரு வாங்காகப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். அவரவர் தத்தம் வரியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். அழகன் தன் வரியைச் சொன்னால் ஃபோனே சொல்வது போலிருக்கும். வகுப்பு வரிசையாக வாசித்தால் ஆமைப் பாடம் தடையில்லாமல் ஓடும்.

சொற்களும் அப்படியே பிரிந்தன. கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதி ஜீவராணி பொருள் கேட்டால், வகுப்பு முழுவதும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்க்கும். அவன் எழுந்து சரியாகச் சொல்லுவான். வேறு யாரையாவது கேட்டால், "அது என் நெர இல்லையே" என்று கொஞ்சம் மனத்தாங்கலோடு பதில் வரும். எல்லாச் சொல்லும் அந்த அறைக்குள் இருந்தன. எந்தத் தலைக்குள்ளும் சேர்ந்து இல்லை.

வாசிப்பில் வந்த வெற்றியைப் பார்த்து எழுத்துக்கும் அதே வழி. பழைய வினாத்தாள்களில் அலுவலகக் கடிதம் எழுதச் சொல்லும் கேள்வி எப்போதும் வரும். ஜீவராணி அந்தப் பயிற்சிக்கு உண்மையான காரியம் ஒன்றையே எடுத்துக்கொண்டாள்: எங்களுக்கு ஆங்கில ஆசிரியர் ஒருவரை அனுப்பி வைக்கவும் என்று வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம். மாதிரிக் கடிதங்களிலிருந்து ஆளுக்கொரு வாக்கியத்தை வெட்டி, பெயரையும் பொருளையும் மாற்றி, ஒட்டினார்கள். அவள் அதைத் தன் அழகான எழுத்தில் பிரதி செய்து அதிபரிடம் கொண்டுபோனாள்.

செல்லசாமி இரண்டு தடவை வாசித்தார். முகம் மலர்ந்தது, பிறகு வாடியது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க புள்ள. ஆனா இத எப்படி அனுப்புறது? இவ்வளவு நல்லா இங்கிலீசுல எழுதிட்டு, எங்களுக்கு இங்கிலீசு டீச்சர் இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"அப்ப தப்புத் தப்பா எழுதிக் குடுக்கவா சேர்?"

"அப்படி எழுதினா, இந்த டீச்சர் இவ்வளவு நாளா என்னா படிப்பிச்சாங்கன்னு நம்மளத்தான் கேப்பாங்க."

கடிதம் அதிபரின் அறையிலேயே சுவரில் ஒட்டப்பட்டது. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துப் பாராட்டினார்கள்.

பதினோராம் ஆண்டில், வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பள்ளிக்கூடம் அதை ஒரு தோட்டம் எப்படி எதிர்கொள்ளுமோ அப்படி எதிர்கொண்டது. கொழும்பிலிருந்து கம்பனியின் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால், தோட்டத்தில் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். லயத்துச் சாக்கடைக் கான்களைக் கூட்டுவார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் பூட்டி வைத்த பொம்மைகளை வெளியே எடுப்பார்கள். கார் திரும்பிப் போனதும் பொம்மைகள் மறுபடி அலுமாரிக்குப் போகும். பள்ளிக்கூடத்திலும் கல்லுக்குச் சுண்ணாம்பு ஏறியது. பொம்மைக்குப் பதில் ஆமைப் பாடம்.

"பதினோராம் ஆண்டு வாசிக்கட்டும். நம்ம மானம் ஒங்க கையில" என்று அதிபர் ஜீவராணியிடம் சொன்னார்.

தண்ணீர்க் குழாயடியில் கஜேந்திரன் சேர் அவளை நிறுத்தினார். கணிதம் படிப்பிப்பவர், அதே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், எதையும் கூட்டிக் கழித்துத்தான் பேசுவார்.

"என்னா காட்டப் போற?"

"ஆமைப் பாடம் சேர்."

"காட்டாத."

"ஏன் சேர்?"

"நல்லா காட்டினா நல்லா இருக்குன்னு எழுதுவாங்க. நல்லா இருக்கிற எடத்துக்கு எவனும் ஆள் அனுப்ப மாட்டான். முழிங்க. எல்லாரும் சேர்ந்து முழிங்க. இந்த வகுப்புக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவங்க கையாலயே எழுதட்டும். அந்தப் பேப்பர வச்சு நான் பணிமனைல சண்ட போடுறேன். பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கு. இப்ப ஒரு டீச்சர் வந்தாக்கூட நீங்க பாதிப்பேராவது தப்பிப்பீங்க. நீ கட்டாயம் தப்பிப்ப."

கணக்கு சரியாக இருந்தது. ஜீவராணிக்கு அதில் பிழை எதுவும் தெரியவில்லை. அன்று மாலை அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாள். ராசம்மா காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த சேர் சொல்றது நெசந்தான்" என்றார். "கம்பனிக்காரங்க வந்தப்ப இந்த லயத்துக்கு எப்படி வெள்ள அடிச்சோம்! பாத்துட்டு, சுத்தமா வச்சிருக்காங்கன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. கூரத் தகரம் கேட்டா, அதான் நல்லா இருக்கேங்குறாங்க. இந்தா, இன்னமும் ஒழுகுது."

"அப்ப ஏம்மா வெள்ள அடிச்சீங்க? அழுக்காவே விட்டிருக்கலாமே?"

ராசம்மா நிமிர்ந்தார். "ஒழுகுற வீட்டுல நாங்க அழுக்காவும் கெடக்கிறத வந்தவன் பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு மற்றக் காலை எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஜீவராணி வகுப்பில் எழுந்து நின்று கட்டளையை மாற்றினாள். யாரும் வாசிக்கக் கூடாது. கேட்டால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். தெரியாது என்று காட்ட வேண்டும்.

"இத்தன மாசம் படிச்சுட்டு முழிக்கவா?" என்றாள் சுலக்ஷனா.

"முழிச்சாத்தான் டீச்சர் வருவாங்க."

"எனக்கு முழிக்கிறதுல ஒண்ணும் கஷ்டமில்ல" என்றான் அழகன். "மத்தப் பாடத்துக்கெல்லாம் அதத்தானே செய்றேன்."

வகுப்பு சிரித்தது. சம்மதம் என்று ஜீவராணி எடுத்துக்கொண்டாள்.

மேற்பார்வைக்கு இருவர் வந்தார்கள்: உதவிக் கல்விப் பணிப்பாளர் ஒருவர், தமிழர், அவரோடு சிங்கள அதிகாரி ஒருவர். சப்பாத்தில் சேறு படாமல் இருக்கச் செல்லசாமி வழியெல்லாம் பலகை போட்டிருந்தார். அன்றைக்குத் திலக்ஷன் வரவில்லை. உருளைக்கிழங்கு கிண்டி எடுக்கும் அறுவடை நாள். அவனுடைய அப்பா ராகலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவன் இடம் காலியாக இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முழிப்பதற்கு ஆள் குறைந்தால் என்ன?

உதவிப் பணிப்பாளர் புத்தகத்தைப் புரட்டினார். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்திருந்தால் விதி வேறாக இருந்திருக்கும். ஆனால் அந்த வகுப்பின் புத்தகங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் திறந்து திறந்து முதுகு உடைந்தவை. கையில் எடுத்தாலே ஆமையில்தான் விரியும்.

"முதல் வாங்கில் இருக்கும் பிள்ளை வாசியுங்கள் பார்ப்போம்."

சுலக்ஷனா எழுந்தாள். குனிந்தாள். அவள் குனிந்த இடத்தில் அவளுடைய வரி இருந்தது. அத்தனை மாதம் தேய்த்து மெருகேற்றிய வரி. அவளால் முடியவில்லை. வாசித்துவிட்டாள். அடுத்தவள் தன் நிரையைப் பிடித்தாள். அதற்கடுத்தவன் எழுந்தான். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் வாய் தானாகத் திறப்பது மாதிரி, ஒருவர் உட்கார அடுத்தவர் எழ, ஆமை நீந்தி வந்து கரையேறியது. உதவிப் பணிப்பாளரின் புருவம் உயர்ந்தது. கதவடியில் நின்ற அதிபர் கண்ணை மூடி ரசித்தார். ஜன்னலுக்கு வெளியே கஜேந்திரன் சேர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அழகன் எழுந்தான். குழி தோண்டி முட்டையிட்டான். அருமையாக இட்டான். உட்கார்ந்தான்.

அடுத்தவன் எழவில்லை. அடுத்த இடத்தில் ஆள் இல்லை.

"நீங்களே தொடருங்கள் தம்பி" என்றார் உதவிப் பணிப்பாளர்.

அழகன் மறுபடி எழுந்தான். புத்தகத்தைப் பார்த்தான். அடுத்த வரி அவன் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. சின்ன வரி. அது அவன் நிரை இல்லை. இத்தனை மாதத்தில் அவன் அதில் ஒருதரம்கூடக் கை வைத்ததில்லை. வாயைத் திறந்தான், காற்று மட்டும் வந்தது.

அறை அமைதியாக இருந்தது. எந்த அமைதி வேண்டும் என்று கஜேந்திரன் சேர் சொன்னாரோ அதே அமைதி. ஜன்னல் வழியே அவர் ஜீவராணியைப் பார்த்து, பேசாதே என்பது போல் மெல்லத் தலையசைத்தார்.  மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும். உதவிப் பணிப்பாளர் இன்னொரு பிள்ளையையும் தாண்டி வாசிக்கச் சொல்லுவார், அதுவும் நிற்கும், சாயம் வெளுத்துவிடும். டீச்சர் வருவார். பாஸ் வரும். கால் காயும்.

அழகனின் காது சிவந்துவிட்டது.  உதவிப் பணிப்பாளர் பக்கத்திலிருந்த அதிகாரியிடம் திரும்பி, சிரித்தபடி, சிங்களத்தில் சொன்னார்: "தோட்டத்துப் பிள்ளைகள்தானே, இவ்வளவுதான் வரும்."

மறைத்துச் சொல்லுவதாக நினைத்துத்தான் மொழி மாற்றினார். ஆங்கிலம் தெரியாத அந்த வகுப்பில் சிங்களம் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. முன்வாங்கிலிருந்து பின்வாங்கு வரை எல்லோரும் ஒன்றாகத் தலைகுனிந்தார்கள். முன்பு ஜீவராணி சொல்லிக்கொடுத்து யாரும் செய்யாத காரியம் அது.

ஜீவராணி எழுந்துவிட்டாள்.

"இட் டஸ் நொட் கம் பேக் டு சீ தெம்" என்றாள். புத்தகத்தைப் பார்க்காமல், அந்த ஃபோன்காரியின் குரலில், உரக்க. பிறகு நிமிர்ந்து அடுத்த வாங்கைப் பார்த்தாள். அடுத்தவன் எழுந்தான். பாடம் கடைசி வரி வரைக்கும் நிற்காமல் போய்க் கடலில் சேர்ந்தது.

உதவிப் பணிப்பாளர் கைதட்டினார். சிங்கள அதிகாரியும் தட்டினார். "யார் உங்கள் ஆங்கில ஆசிரியர்?"

பிள்ளைகள் ஜீவராணியைப் பார்த்தார்கள். கேள்விக்குப் பதில் கதவடியிலிருந்து வந்தது. "தனுஷிகா மிஸ்தான் சேர்" என்றார் அதிபர். எழுத்துப்படி அது உண்மை.

வந்த அதிகாரிகள் போன பிறகு வகுப்பில் ஒரே கொண்டாட்டம். அழகன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். "காப்பாத்திட்ட தாயே! நெரைய விட்டு நெர தாவி வந்து எடுத்தியே!" கஜேந்திரன் சேர் மட்டும் மாலையில் அவளைத் தாண்டிப் போகும்போது நின்றார். ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா வாசிச்ச" என்றார். 

அறிக்கை வந்தது. ஆங்கிலப் பாடம் மிகத் திருப்தி, ஆசிரியையின் அர்ப்பணிப்பு பாராட்டுக்குரியது, மேலதிக ஆசிரியர் தேவையில்லை. அறிக்கையைத் தட்டச்சு செய்தவர் தனுஷிகா மிஸ் என்று சொல்லுவார்கள். அது வெறும் வம்பாகவும் இருக்கலாம். அவருடைய இணைப்பு இன்னொரு வருடத்துக்கு நீடிக்கப்பட்டது என்பது மட்டும் நிச்சயம். பாராட்டுப் பெற்ற ஒருவரை யார் மேட்டில் ஏறச் சொல்லுவார்?

அதற்குப் பிறகு ஜீவராணி நிரையைக் கைவிட்டுப் பார்த்தாள். எல்லோரும் எல்லா வரியையும் படிக்க வேண்டும் என்றாள். வகுப்பு ஒத்துழைக்கவில்லை. கைதட்டு வாங்கிய முறையை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். அவளிடம் பதில் இருந்தது. ஆனால் எல்லா வரியையும் விளக்கிச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அவளும் தனியாக உட்கார்ந்து மற்றப் பாடங்களைத் திறந்தாள். ஃபோன் சத்தமாக வாசித்துக் காட்டியது. ஏன் அப்படி வருகிறது என்று கேட்டால் மறுபடியும் வாசித்துக் காட்டியது.

பரீட்சை மண்டபத்தில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். அந்த வகுப்பு முதல் தடவையாக அன்றைக்குத்தான் ஆளுக்கொரு முழு மலையைத் தனியாகப் பார்த்தது. வாசிப்புப் பகுதி தேனீக்களைப் பற்றியது. ஆமை எங்கேயும் வரவில்லை. அழகன் விடைத்தாளில் கட்டுரைக்கென்று விட்ட இடத்தில் தன் வரியைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, கீழே கோடு போட்டு, பேனையை மூடினான். பிறகு வெளியே வந்து, "நான் என் நெரைய எடுத்துட்டேன். மத்தவனுங்க எடுக்காட்டி நானா பொறுப்பு?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஜீவராணி கடைசி மணி வரை எழுதினாள். பிள்ளைகளின் வரிகள் எல்லாம் அவளுக்குப் பாடம். அவற்றில் எதைப் பிடித்துத் தேனீக்குப் பூட்டுவது என்று தெரியாமல், ஆமை என்று வந்த இடத்திலெல்லாம் தேனீ என்று மாற்றிப் போட்டாள். அவளுடைய தேனீ மணலில் குழி தோண்டியது. முட்டைகளைப் பார்க்கத் திரும்பி வரவில்லை.

பெறுபேறு வந்தபோது கணிதத்தில் பலர் சித்தியடைந்து தப்பியிருந்தார்கள். கஜேந்திரன் சேரின் பிள்ளைகள். ஆங்கிலத்தில் வகுப்பு முழுவதற்கும் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. ஒருவர்கூட மிச்சமில்லை, நிரை தவறாமல் விழுந்திருந்தது.

அதிபர் விடுகைப் பத்திரம் எழுதும்போது மனம் கசிந்திருக்க வேண்டும். மார்க்கு கொடுக்க முடியாத இடத்தில் வார்த்தையாவது கொடுப்போம் என்று நினைத்திருப்பார். அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஜீவராணி நுவரெலியாவுக்குப் போனாள். அதே ஹோட்டல் இல்லை, வேறொன்று. ஆனால் அங்கும் நீளமான மேசை இருந்தது. முகாமையாளர் பத்திரத்தை வாசித்துவிட்டு, உட்காரச் சொல்லி, தன்னைப் பற்றிச் சில வார்த்தை சொல்லும்படி ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார். கேள்வி அவளுக்கு விளங்கியது. பதிலுக்கு வரி எதுவும் யாரும் பிரித்துக் கொடுத்திருக்கவில்லை. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை வேறு யாரும் எழுந்து வாசிக்கவில்லை.

அவர் மறுபடி பத்திரத்தைப் பார்த்தார். பிறகு பெறுபேற்றுத் தாளைப் பார்த்தார். "பின்னுக்கு ஆள் எடுக்கிறாங்க" என்றார் தமிழில்.

பின்னால் துணி வெளுக்கும் பகுதி. விரிப்புகளை இயந்திரத்திலிருந்து எடுத்துப் பிழிந்து உதறுகிற வேலை. நிலத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும். முதல் மாதம் லீவில் வீட்டுக்கு வந்த அன்று ராசம்மா மகளின் காலைப் பார்த்தார். சவர்க்காரத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

பத்திரம் ஹோட்டல் அலுவலகத்தில் அவளுடைய கோப்பில் இருக்கிறது. அதில் எழுதாமல் விட்டது இது: ஆசிரியை இல்லாத வகுப்பில் பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் ஜீவராணி ஆங்கிலப் பாடவேளையை நடத்தினாள். மேற்பார்வை நாளில், வராத திலக்ஷனின் வரியை எழுந்து வாசித்தாள். பிறகு ஆங்கிலப் பரீட்சை எழுதினாள், சித்தியடையவில்லை.